வராதவர் பங்கு

அரசாங்கக் கூட்டங்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்று மேசைக்கு வந்தால், அன்றைக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் அதைக் கட்டிவிட வேண்டும். வந்தவர்கள் ஒருமனதாகக் கைதட்டுவார்கள். பிறகு சாப்பாடு. இதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு. பீடி, சிகரெட்டை விட உதவும் சங்ககிரி புகைவிடு மையத்தின் ஆலோசகர் கோகிலவாணிக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஒரு கூட்டத்துக்கு அவள் போகவில்லை. அதற்குக் காரணம் அர்த்தநாரி.

அர்த்தநாரி லாரி டிரைவர். லாரிகள் தாமாகவே ஓடப் பழகி வெகுகாலம் ஆகியும் டிரைவர் உத்தியோகம் மட்டும் ஒழியவில்லை. விபத்து நடந்தால் பிடித்து உள்ளே போட ஓர் ஆள் வேண்டுமே. அதற்காகவே ஸ்டியரிங் இல்லாத வண்டியிலும் ஒருவரை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வேறென்ன வேலை? பீடிதான். நாக்பூர் போய்த் திரும்புவதற்குள் கட்டுக் கட்டாகப் பீடி. கடைசியில் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைத்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. உட்காருவதற்குக் கால் தேவையில்லை என்பதால் வேலை மட்டும் போகவில்லை.

வலது கால் மிச்சமிருந்தது. திரும்பவும் பீடியைத் தொட்டால் அதுவும் அதே வழிதான் என்று சேலத்து டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அது வெறும் மிரட்டல் இல்லை. அந்த நோயின் குணமே அப்படி. புகை நின்றால் கால் நிற்கும், புகை தொடர்ந்தால் கால் போகும்.

அந்தக் காலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவர் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மிளகளவு வில்லை. அதன் அரசாங்கப் பெயர் ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாதது. ஒட்டிக்கொண்டவர்கள் பொட்டு என்றார்கள். முதல் முறை ஒட்டியபோது, தன்னுடைய தவிப்பு எங்கே போகும் என்று அர்த்தநாரி கேட்டார்.

"எங்கயும் அழியாதுங்கண்ணா, பங்குதான் போகும்" என்றாள் கோகிலவாணி. "உங்களுக்குப் பீடி வேணும்னு தவிப்பு வர்றப்ப, நம்ம மையத்துல பொட்டு வச்சிருக்கிற மத்தவங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாப் போயிரும். அவங்களுக்குக் கொசு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அவங்க தவிக்கிறப்ப நீங்க கொஞ்சம் வாங்கிக்கோணும்."

"ஊரு கூடித் தேர் இழுக்கிற மாதிரீங்களா?"

"அதேதானுங்க."

சங்ககிரி மையத்தின் பொட்டு வட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். டிரைவர்கள், பட்டறைக்காரர்கள், எடைமேடையில் இருப்பவர், ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யாருக்காவது காதுக்குப் பின்னால் சுருக்கென்றால் உடனே போன் பறக்கும். "ஆருப்பா அது, இந்நேரத்துல?" என்று கேட்பார்கள். ஒருவன் தான்தான் என்று ஒப்புக்கொள்வான். பெண்டாட்டியோடு சண்டை, வண்டி பங்க்சர் என்று ஏதாவது காரணம் சொல்வான். நாலு பேர் அவனைத் திட்டுவார்கள், ஒருவர் டீக்குக் கூப்பிடுவார். இதை எந்தத் திட்டத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை. பொட்டு பாதி வேலை செய்தது, இந்தப் போன் மீதி வேலையைச் செய்தது.

ஒன்று நன்றாக நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அது அரசாங்கமா? மாநிலம் முழுவதும் இருந்த புகைவிடு மையங்களை மேம்படுத்தி ஒருங்கிணைக்க ஓர் இணையம் அமைத்தார்கள். தலைவராக டாக்டர் நவநீதன் வந்தார். நுரையீரலைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்று சொல்ல முடியாது, ஆனால் அதைப் பற்றிய படவிளக்கம் அவரிடம் வண்ண வண்ணமாக இருந்தது. தொடக்க விழாவில் தலைமை அலுவலகத்து அதிகாரிகள் எல்லோரும், புகைப் பழக்கம் இல்லாதவர்கள் என்றாலும், முன்மாதிரியாகத் தங்கள் காதுக்குப் பின்னால் பொட்டு ஒட்டிக்கொண்டு காதைத் திருப்பிக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு மையங்களுக்குத் தரவரிசை வந்தது. யாரும் மறுபடி புகைக்காத மையத்துக்கு நட்சத்திரம். எல்லா வட்டங்களையும் சென்னையில் ஓர் இயந்திரத்தின் வழியே ஒன்றோடொன்று இணைத்தபோது, ஒரு மையத்தின் தவிப்பை இன்னொரு மையத்துக்குத் தள்ளிவிடலாம் என்று தெரிந்தது. மையங்களுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. ஆனால் தள்ளுவதற்கு ஆள் இருந்தால் போதாதே, வாங்கிக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதற்காகத்தான் சென்னையில் அந்தக் கூட்டம் கூடியது.

கோகிலவாணி சங்ககிரி ரயில் நிலையத்தில் பையோடு நின்றபோது அர்த்தநாரியின் மனைவி தனக்கொடி போன் செய்தாள். வியர்வையில் பொட்டு உரிந்து எங்கோ விழுந்துவிட்டது, மனுஷன் பெட்டிக்கடை முன்னால் பற்ற வைக்காத பீடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தான் சொன்னால் காதில் வாங்கவில்லை என்றாள். ரயில் வந்துகொண்டிருந்தது. கோகிலவாணி ஆட்டோ பிடித்தாள். புதுப் பொட்டை ஒட்டி, அவர் பீடியைத் தானே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து வர முடியாது என்று சொன்னபோது, பரவாயில்லை மேடம், முடிவை அனுப்பிவிடுகிறோம் என்று மிகவும் அன்பாகப் பதில் வந்தது. அந்த அன்பைக் கேட்டபோதே முடிவு யார் தலையில் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலமே முடிவு வந்தது. சங்ககிரி மையம் கட்டுப்பாட்டில் தலைசிறந்து விளங்குவதால், மாநிலத்தின் உபரித் தவிப்பை ஏற்கும் தாங்கு மையமாக அது ஒருமனதாகத் தேர்வு செய்யப்படுகிறது. கீழே வாழ்த்துச் சொல்லி நவநீதனின் கையொப்பம்.

முதல் வாரம் சங்ககிரி வட்டத்தில் போன்கள் ஓயவில்லை. எல்லோரும் எல்லோரையும் யாரப்பா அது என்று கேட்டார்கள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது அவர்களில் யாருடையதும் இல்லை. எங்கோ தூத்துக்குடியில் ஒருவன் தவித்தான், ஓசூரில் ஒருவன் தவித்தான், அவ்வளவும் சங்ககிரிக்காரர்களின் காதுக்குப் பின்னால் வந்து இறங்கியது. கொசுக்கடி தேள்கடியானது. அடுத்த வாரம் போன்கள் குறைந்தன. அப்புறம் நின்றே போயின. பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டிக்கடைக்குத் திரும்பினார்கள். வாத்தியார்கூட சுருட்டோடு மாட்டினார்.

ஒரு நாள் காலை அர்த்தநாரி தானாகவே மையத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வலது கால் காலுறையைக் கழற்றிக் காட்டினார். சுண்டுவிரலின் நுனி கறுநீலமாக இருந்தது.

"பீடி குடிச்சுட்டனுங்க" என்றார். "என்னோட தவிப்பா இருந்தாத் தாங்கியிருப்பனுங்க, கண்ணு. இது ஆருதுன்னே தெரியலீங்களே."

கோகிலவாணிக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. திட்ட வேண்டியவர்கள் சென்னையில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவரை உடனே சேலத்துக்கு அனுப்பிவிட்டு, இணையத்தின் பொறியாளன் இம்ரானைப் போனில் பிடித்தாள். அந்த அலுவலகத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கூடிய ஒரே ஆள் அவன்தான்.

பொட்டைக் கழற்றிவிட்டால் என்ன என்று கேட்டாள். அவன் அவசரமாக மறுத்தான்.

"கழட்டினா அவரோடது முழுசும் அவர் தலையிலயே விழும் மேடம். இத்தனை வருஷம் பங்கு போட்டே பழகின மூளை, தனியாத் தாங்காது. தவிப்பு தண்ணி மாதிரி, எங்கயாவது போய்த்தான் ஆகணும். எங்க போகணும்னு மிஷினுக்கு யாராவது சொல்லணும்."

"அப்ப நீயே மாத்திச் சொல்லு."

"என் கையில இல்ல மேடம். கூட்டத்துல தீர்மானம் போட்டா மிஷின் தானாவே எடுத்துக்கும். தீர்மானத்தைத் தவிர வேற எதையும் அது கேக்காது."

மனுஷனை நம்பாமல் தீர்மானத்தை மட்டும் நம்பும் இயந்திரத்தை யார் செய்யச் சொல்லியிருப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. சேலத்து டாக்டர் அடுத்த மாதம் வரை விரலை வெட்டாமல் பார்க்கிறேன் என்றார். அதற்குள் அர்த்தநாரி பீடியை விட்டிருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குக் கோகிலவாணி முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். நவநீதன் திரையில் தரவரிசையைக் காட்டினார். எல்லா மையங்களும் நட்சத்திரத்தோடு மின்ன, சங்ககிரி மட்டும் அடியில் சிவப்பாகக் கிடந்தது. அர்ப்பணிப்பு இல்லாத இடத்தில் எந்தத் திட்டமும் வெற்றி பெறாது என்று அவர் அவளைப் பார்த்துச் சொன்னார். தங்கள் தவிப்பை எல்லாம் சங்ககிரிக்குத் தள்ளிவிட்டிருந்த டாக்டர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவள் முன்வரிசை நாற்காலிகளைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

நவநீதனின் போன் அடித்தது. அமைச்சரின் உதவியாளர். போனில் இருப்பவருக்குத் தெரியப் போவதில்லை என்றாலும் அவர் குனிந்த முதுகோடு எழுந்து வெளியே போனார். தலைவர் இல்லாத இடத்தில் தங்களுக்கு என்ன வேலை என்று தலைமை அலுவலக அதிகாரிகளும் ஒவ்வொருவராகப் பின்னால் நழுவினார்கள். பிரியாணி வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது. முன்வரிசை காலியானது.

கோகிலவாணி எழுந்தாள். தாங்கு மையத்தை மாற்ற வேண்டும் என்று அமைதியாகச் சொன்னாள். தலைமை அலுவலகத்தில் எல்லோருமே முன்மாதிரியாகப் பொட்டு வைத்திருக்கிறார்கள், ஒருவருக்கும் புகைப் பழக்கம் இல்லை, அவர்களைவிடத் தாங்கக் கூடியவர்கள் மாநிலத்தில் யார் என்று கேட்டாள். எல்லோருடைய கண்களும் காலி நாற்காலிகளின் மேல் போயின. நவநீதனிடம் திட்டு வாங்காத ஆள் அந்த அறையில் இல்லை. கைதட்டல் கிளம்பியது. நவநீதன் திரும்பி வந்து உட்காருவதற்குள் இயந்திரம் தீர்மானத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்த வாரமே சங்ககிரி அடங்கியது. பெட்டிக்கடைக்காரருக்கு வியாபாரம் படுத்தது. காதுக்குப் பின்னால் பழையபடி கொசு கடித்தது, பழையபடி போன்கள் பறந்தன. அர்த்தநாரி பீடியை விட்டார். விரலின் நுனி மெல்ல மெல்லச் சிவந்து வந்தது. நகம் மட்டும் விழுந்தது, கால் நின்றது. தனக்கொடி மையத்துக்கு ஒரு தூக்குப் போசி நிறைய ஒப்பிட்டு, அதாவது போளி, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கோகிலவாணிக்கு மகிழ்ச்சி. அதை மறைக்கவும் அவள் விரும்பவில்லை. நவநீதன் காதைச் சொறிந்துகொண்டு இன்னது வேண்டும் என்று தெரியாமல் அறைக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைவதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும்.

ஆண்டு விழாக் கூட்டம் வந்தது. அதிகம் முன்னேறிய மையம் என்று சங்ககிரிக்குக் கேடயம் தரப் போவதாகக் கடிதம் வந்திருந்தது. கேடயத்தை விடத் தலைமை அலுவலகத்தாரின் வாடிய முகங்களைப் பார்க்கத்தான் அவள் ஆசையோடு போனாள். வாசலில் எல்லோருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். அதில் பேனா, பேரீச்சம்பழம், நினைவுப் பரிசாக வெல்வெட் பெட்டிக்குள் ஒரு பொட்டு. யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

முகங்கள் வாடவில்லை. தலைமை அலுவலகத்தார் எல்லோரும் மழுமழுவென்று இருந்தார்கள். நவநீதன் அவளைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தார். அவளுடைய தீர்மானம் அருமையான தீர்மானம், முதலில் கோபம் வந்தது உண்மைதான், ஆனால் எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, தாங்குவது இவ்வளவு சுலபமா என்று எல்லோரும் ஆச்சரியப்படுகிறோம் என்றார். அவர் திரும்பியபோது கோகிலவாணி அவருடைய காதுக்குப் பின்னால் பார்த்தாள். தோல் சுத்தமாக இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. முகம் கழுவுவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். மாடிப்படிக்குக் கீழே, டீ டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு பெண் குந்தி உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தாள். கூட்டங்களுக்கு டீ கொண்டு வரும் கன்னியம்மா. கோகிலவாணி எத்தனையோ முறை அவள் கையால் டீ வாங்கியிருக்கிறாள், முகத்தைப் பார்த்ததில்லை. கன்னியம்மா தலை குனிந்து இருமியபோது இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் பிடரியிலும் பொட்டுகள் வரிசையாகத் தெரிந்தன.

இத்தனை பொட்டு ஏது என்று கேட்டாள்.

"சாருங்க எல்லாம் கயட்டி என்னாண்ட குட்த்துட்டாங்க மேடம். மிஷினு பொட்டத்தான் எண்ணுமாம், ஆள எண்ணாதாம். அதுங்க யாரு மேலயாச்சும் இருந்தா போதுமாம்." இருமல் நிற்கும் வரை நிறுத்தினாள். "எனுக்கு இன்னா வேணும்னே தெரியல மா. சோறு துன்னா அது இல்ல. வெத்தல போட்டா அது இல்ல. ஓன்னு அயுதுகூட பாத்தேன், அதுவும் இல்ல. வாட்ச்மேன் ஒரு பீடி குட்த்தாரு. அப்பாலதான் இதான் அதுன்னு தெரிஞ்சுது."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"நான் இன்னா கூட்டத்துக்கா வரேன், வாணாம்னு சொல்ல?"

கோகிலவாணி படியில் உட்கார்ந்துவிட்டாள். மாநிலம் முழுவதும் பீடியை விட்டவர்களின் தவிப்பெல்லாம் அதுவரை வாழ்நாளில் பீடியைத் தொட்டிராத இந்த ஒருத்தியின் கழுத்தில் இறங்கியிருந்தது. அதில் அர்த்தநாரியின் பங்கும் இருந்தது. எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடாத ஆள் என்று ஒருத்தி இருப்பதை அவளும் நினைத்துப் பார்க்கவில்லை. நவநீதன் கைதட்டலோடு செய்ததை அவளும் கைதட்டலோடுதான் செய்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

உள்ளே ஒலிபெருக்கியில் சங்ககிரி மையம் கோகிலவாணி மேடம் என்று கூப்பிட்டார்கள். இன்னொரு முறை கூப்பிட்டார்கள். பிறகு, "வரலையா?" என்று நவநீதனின் குரல் கேட்டது. அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். பெயரளவுக்குத் தலைமை அலுவலகத்தின் தலையில் இருப்பதையும் திரும்பச் சங்ககிரிக்கே தள்ள அவர் இன்றைக்கு ஒரு காலி நாற்காலிக்குத்தான் காத்திருந்திருப்பார். இங்கேயே இருந்தால் அர்த்தநாரியின் கால் போகும். கன்னியம்மாவை விட்டுவிட்டுத் தனியாக உள்ளே போனால் இவள் போவாள்.

கோகிலவாணி கன்னியம்மாவின் பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து டீத்தட்டில் வைத்தாள். கடைசிப் பொட்டைத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். ஆலோசகர்கள் பொட்டு வைக்கக் கூடாது என்பது விதி, தெளிவான தலை வேண்டுமாம். இத்தனை வருடங்களாக மற்றவர்களுக்குக் கொசுக்கடி என்று சொல்லி ஒட்டியவளுக்கு அது என்ன என்று முதல் முறை தெரிந்தது. வேண்டும் என்ற ஒன்று மட்டும் இருந்தது. என்ன வேண்டும் என்பதற்கு அதில் இடமே இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையில் தட்டையும் இன்னொரு கையில் கன்னியம்மாவையும் பிடித்தபடி அரங்குக்குள் நுழைந்தாள்.

தன் மையத்தின் பெயர் ஒட்டியிருந்த நாற்காலியில் கன்னியம்மாவை உட்கார வைத்தாள். தட்டை மேடையில் நவநீதனுக்கு முன்னால் வைத்தாள்.

"இவங்க எப்படி இங்க?" என்றார் நவநீதன்.

"கூட்டத்துக்கு வந்திருக்காங்க சார்." அவள் தன் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினாள். "இப்ப மாநிலத்தோட தவிப்பு மொத்தமும் என் ஒருத்தி காதுல இருக்கு. என்னால ரொம்ப நேரம் தாங்க முடியாது. நான் கழட்டிட்டா அது அந்தந்த மையத்துக்கே திரும்பிப் போயிரும், எல்லாரோட நட்சத்திரமும் இன்னைக்கே விழுந்துரும். இல்லேன்னா, பையில இருக்கிற பொட்டும் தலைமை அலுவலகக் கணக்குதான், எடுத்து ஆளுக்கு ஒண்ணு வச்சுக்குங்க. இத்தனை பேர் இருக்கோம், கொசுக்கடிதான்."

பழக்க தோஷம், அரங்கில் இருந்த அத்தனை தலைகளும் யார் வரவில்லை என்று பார்க்கத் திரும்பின. நவநீதன் வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை.

வெல்வெட் பெட்டி ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. தூத்துக்குடி டாக்டர் ஒட்டிக்கொண்டார், ஓசூர் டாக்டர் ஒட்டிக்கொண்டார். தலைமை அலுவலக அதிகாரிகள் தங்கள் பழைய பொட்டுகளைத் தட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பொட்டுக்கும் கோகிலவாணியின் தவிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியாக, வேறு வழி இல்லாமல், நவநீதனும் ஒட்டிக்கொண்டார். ஒட்டிய இடத்தைச் சொறிந்தார்.

"இது யாரோடது?" என்றார் எரிச்சலோடு.

அந்தக் கேள்வியைச் சங்ககிரிக்காரர்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். இவர் இப்போதுதான் கேட்கிறார்.

"சரி, தீர்மானம் அப்புறம் பார்க்கலாம்" என்றார் அவர். "முதல்ல யாராவது டீ சொல்லுங்க."

டீ கொண்டு வருகிறவள் சங்ககிரி என்று எழுதிய நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு யாராவது எழுந்து வெளியே போனால்தான் உண்டு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே போனவர் திரும்பி வரும்போது நாற்காலியில் என்ன காத்திருக்கும் என்று அங்கே தெரியாதவர்கள் யாரும் இல்லை. கூட்டம் மாலை வரை நடந்தது. அன்றைக்கு யாரும் டீ குடிக்கவில்லை.